அந்தக் கைதட்டல் நிஜம்தானா?

முதல்ல ஒரு பல்பு வாங்கிய கதை.

போன மாசம் பக்கத்து ஊர் காலேஜ் ஒன்றில் கல்சுரல்ஸ். நாங்களும் ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம், பாஸ். மொத்தம் அஞ்சு பேர். நான் கீபோர்டு. டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' வாசித்தோம். மேடையில் இருக்கும்போது சும்மா சொல்லக் கூடாது, நாங்கள்தான் அந்த டீப் பர்ப்பிளே என்கிற மாதிரி ஒரு ஃபீலிங். விசில், கைதட்டல், எல்லாம் கிடைத்தது. ராத்திரி ஹாஸ்டலுக்குத் திரும்பி, ஃப்ரெண்டு ஒருத்தன் செல்போனில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம்.

பாடகன் ஒரு சுருதி, கிடார் ஒரு சுருதி. டிரம்மர் டிரெயினைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறான். நான்? மற்ற நாலு பேரும் பல்லவிக்குப் போன பிறகும் இரண்டாவது சரணத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் பாடகனுக்கு வரி மறந்துபோய், 'ன ன னா' என்று எதையோ போட்டு ரொப்புகிறான். ரூமில் ஒருத்தரும் பேசவில்லை. பாடகன் ராத்திரி பதினோரு மணிக்கு பக்கெட்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் பஞ்சாயத்து. அடுத்த கல்சுரல்ஸ் இரண்டே வாரத்தில். "பேசாம லேப்டாப்புல பேக்கிங் டிராக் போட்டுடலாம்டா. கோரஸ், கீபோர்டு, எக்ஸ்ட்ரா கிடார் எல்லாம் அதுலயே வந்துடும். நாம மேல வாசிச்சாப் போதும்" என்றான் டிரம்மர். பாடகனுக்கு மூக்கு மேல் கோபம். "லெட் ஸெப்பலின், டீப் பர்ப்பிள், பீட்டில்ஸ்லாம் டிராக் போட்டா வாசிச்சாங்க? அவங்கள்லாம் லைவ்ல பிச்சு உதறினவங்கடா!" டிரம்மர் விடவில்லை. "போடா டேய். அவங்களும் லைவ்ல மொக்கைதான். நீ கேக்கற லைவ் ஆல்பம் பூரா அப்புறமா ஸ்டூடியோவுல உக்காந்து ஒட்டு போட்டது."

ஓட்டெடுப்பில் ரெண்டுக்கு ரெண்டு. என் ஓட்டு பாக்கி. "ஒரு வாரம் டைம் கொடுங்கடா" என்று சொல்லிவிட்டு வந்து, ஸ்டடி ஹாலிடேஸ் முழுக்க பாட்டு கேட்டேன். (அரியர் பேப்பர் பற்றி யாரும் கேட்காதீர்கள்.) கேட்டதை, படித்ததை உங்களிடம் கொட்டிவிடுகிறேன். நம்ம காலேஜ் பேண்ட் மக்கள் யாருக்காவது உதவும்.

முதலில் டிரம்மர் சொன்னதைப் பார்ப்போம். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் பையன் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை.

1975-ல் வந்த கிஸ் பேண்டின் 'அலைவ்!' ஆல்பம் அவர்களைத் தூக்கி நிறுத்தியதே. லைவ் ஆல்பம் என்றால் இப்படி இருக்கணும் என்று ஒரு தலைமுறையே அதைக் கொண்டாடியது. ஆனால் மேடையில் குதித்து, தீ கக்கி, பட்டாசு வெடித்துக்கொண்டே வாசித்தால் சுருதி எங்கே நிற்கும்? தப்பான இடங்களை எல்லாம் ஸ்டூடியோவில் திரும்பப் பாடி, திரும்ப வாசித்து ஒட்டினார்கள். பின்னாளில் அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். 1978-ல் வந்த தின் லிஸ்ஸியின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' கதை இன்னும் காமெடி. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி, "முக்கால்வாசி ஸ்டூடியோவில் திரும்ப எடுத்தது" என்றார். பேண்ட் தரப்போ, "இல்லவே இல்லை, முக்கால்வாசி மேடையில் எடுத்தது" என்றது. ஒரே ஆல்பம், ரெண்டு முக்கால்! எந்தக் கால்குலேட்டரிலும் கூட்டினால் இடிக்கும்.

பாடகன் உயிராக நினைக்கிற லெட் ஸெப்பலினும் தப்பவில்லை. 1973 ஜூலையில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர்கள் வாசித்ததைப் படமாக எடுத்தார்கள். 1976-ல் 'தி சாங் ரிமெயின்ஸ் தி சேம்' என்று ரிலீஸ். படம் பிடித்ததில் அங்கங்கே ஓட்டை இருந்ததால், 1974-ல் இங்கிலாந்தில் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் மேடை போட்டு, அதே டிரெஸ்ஸில் மறுபடி நடித்துக் கொடுத்தார்கள். பேஸ் கிடார் ஜான் பால் ஜோன்ஸ் அதற்குள் முடியை வெட்டிவிட்டார். என்ன செய்வது? விக்! படத்தைத் திரும்பப் பாருங்கள். சில காட்சிகளில் அவர் தலை மட்டும் வேறு ஏதோ நாடகத்திலிருந்து வந்த மாதிரி இருக்கும். இதைக் காட்டியபோது எங்கள் டிரம்மர் சிரித்த சிரிப்பில் மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

டிங்கரிங் பார்த்த கார் மாதிரிதான் பல லைவ் ஆல்பங்கள். வெளியே பளபள. உள்ளே எங்கே எத்தனை அடி வாங்கியது என்று தெரியாது. அதனால் அந்த ஆல்பங்களை வைத்து 'லைவில் கலக்கினாங்க' என்று சத்தியம் பண்ண முடியாது. சரி. ஆனால் 'அதனால அவங்க மொக்கை' என்கிற முடிவுக்கு டிரம்மர் ஒரே தாவாகத் தாவுகிறானே, அங்கேதான் எனக்கு இடித்தது. ஏன் தப்பு வந்தது என்று பார்க்க வேண்டாமா? நாமெல்லாம் இன்ஜினீயரிங் படிக்கிற பசங்க இல்லையா?

பீட்டில்ஸை எடுத்துக்கொள்வோம். 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷியா ஸ்டேடியம். 55,600 பேர். அரை மணி நேரக் கச்சேரிதான். மைதான நடுவில் மேடை, ரசிகர்கள் எங்கேயோ தூரத்துக் கேலரியில். கிடாருக்கு 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர். பாடுகிற குரல்? பேஸ்பால் மேட்சுக்கு அறிவிப்பு கொடுப்பார்களே, அந்த ஸ்டேடியம் ஸ்பீக்கர் வழியாக! இன்றைக்கு ஒரு சாதாரண டிபார்ட்மென்ட் ஃபங்ஷனுக்கு வைக்கிற ஸ்பீக்கர் செட்டே அதைவிடத் தேவலாம்.

முக்கியமான மேட்டர், மேடையில் மானிட்டர் கிடையாது. மானிட்டர்னா தெரியும்தானே... பாடகனின் காலுக்குக் கீழே சாய்வாக, அவனைப் பார்த்து வைத்திருப்பார்களே, அந்த ஸ்பீக்கர். நம்ம குரல் நமக்கே கேட்பதற்காக வைப்பது. அது பரவியது 60-களின் கடைசியில்தான். 1965-ல் பீட்டில்ஸுக்குக் கேட்டது அம்பதாயிரம் பேரின் அலறல் மட்டும். சின்னக் கணக்கு போடுங்கள். ஒலி ஒரு செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கரில் வருகிற உங்கள் குரல் உங்கள் காதுக்கு வர கிட்டத்தட்ட 0.3 செகண்ட். நிமிஷத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு பாட்டு போனால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அரை செகண்ட்தான். ஆக, நீங்கள் பாடியது உங்களுக்கே அரை அடிக்கு மேல் லேட்டாக வந்து சேரும். அதைக் கேட்டுப் பாடினால் பாட்டு கோவிந்தா! முன்னால் நிற்கிற மூணு பேரின் தலையாட்டலையும் இடுப்பாட்டலையும் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று கண்டுபிடித்து டிரம்ஸ் வாசித்ததாக ரிங்கோ ஸ்டார் பின்னால் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கச்சேரியை டி.வி. படமாக்கினார்கள். அதிலும் ஒட்டு வேலை. 1966 ஜனவரியில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் உட்கார்ந்து சில பாட்டுகளைத் திருத்தினார்கள். ஒரு பாட்டுக்கு ஏற்கெனவே வெளிவந்த ரெக்கார்டையே எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் 'ரிவால்வர்' ஆல்பம் வந்தது. அந்த மாசம் அமெரிக்காவில் டூர் வேறு. அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட மேடையில் வாசிக்கவில்லை. வாசிக்கவும் முடியாது, அத்தனை ஸ்டூடியோ வித்தை அதில். ஆகஸ்ட் 29, சான் ஃபிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க்கோடு டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கே முழுக்குப் போட்டுவிட்டார்கள்.

"பாத்தியா, லைவ்ல முடியலன்னு ஓடிட்டாங்க" என்றான் டிரம்மர். இரு மச்சான். இன்னொரு ரெக்கார்டிங் இருக்கு.

1964, 65 வருஷங்களில் லாஸ் ஏஞ்சலீஸ் ஹாலிவுட் பவுலில் இவர்கள் வாசித்ததை மூணு டிராக் டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அலறல் தாங்காமல் அதை வெளியிடவே 1977 ஆனது. 2016-ல் பழைய டேப்பிலிருந்து கூச்சலையும் வாத்தியத்தையும் பிரித்தெடுக்கிற கம்ப்யூட்டர் டெக்னிக்கை வைத்து, ஜைல்ஸ் மார்ட்டின் புது மிக்ஸ் கொடுத்தார். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், ப்ளீஸ். தன் குரல் தனக்கே கேட்காத நிலையில் நாலு பேர் அப்படி ஒட்டி வாசிக்கிறார்கள்! எப்படி? பேர் வாங்குவதற்கு முன்னால், 1960-லிருந்து 62 வரை, ஜெர்மனி ஹாம்பர்க் கிளப்களில் தினம் ராத்திரி மணிக்கணக்கில் வாசித்த உடம்பு அது. காது அடைத்துப்போனாலும் கை எங்கே போகணும் என்று கைக்கே தெரிந்திருக்கிறது. எங்கள் பேண்ட் மொத்தமாகப் பண்ணிய ரிகர்சல் ஒன்பது மணி நேரம். அதில் நாலு மணி நேரம் டீ.

அடுத்தது நம்ம மாதிரி பசங்களுக்கு ரொம்ப நெருக்கமான ஒரு மேட்டர். ராக் லைவ் ஆல்பங்களில் உச்சம் என்று பலரும் சொல்கிற 'லைவ் அட் லீட்ஸ்' எங்கே எடுத்தது தெரியுமா? ஸ்டேடியத்தில் இல்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் யுனிவர்சிட்டியின் சாப்பாட்டு ஹாலில்! காலேஜ் மெஸ், பாஸ்! 1970 பிப்ரவரி 14, காதலர் தினம். தி ஹூ பேண்ட். அதற்கு முன் அமெரிக்க டூர் முழுக்க டேப் பண்ணி வைத்திருந்தார்கள். அத்தனையையும் உட்கார்ந்து கேட்க யாருக்குப் பொறுமை? 'எல்லாத்தையும் கொளுத்திடு' என்று பீட் டவுன்ஷென்ட் சொல்லிவிட்டாராம். அப்புறம் லீட்ஸிலும் மறுநாள் ஹல் நகரத்திலும் வாசித்து ரெக்கார்டு பண்ணினார்கள். ஹல் டேப்பில் ஆரம்பப் பாட்டுகளுக்கு பேஸ் கிடார் பதிவாகவே இல்லை. ஆக, லீட்ஸ்தான் கதி.

அந்த டேப்பிலும் நடுவில் 'டப் டப்' என்று சத்தம். டவுன்ஷென்ட் என்ன செய்தார்? மறைக்கவில்லை. ரெக்கார்டின் லேபிளிலேயே 'இந்தச் சத்தம் இருக்கட்டும், சரிசெய்ய வேண்டாம்' என்கிற அர்த்தத்தில் கையால் எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னணிக் குரலில் கொஞ்சம் ஒட்டு போட்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் நடுவில் நிற்கிற அந்த வாசிப்பு? ஒரு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், ஒரு குரல். டிரம்ஸில் கீத் மூன் எங்கோ பாய்கிறார், பேஸ் கிடார் துரத்திப் போய்ப் பிடிக்கிறது, கிடார் ரெண்டுக்கும் நடுவில் இடத்தைக் கண்டுபிடித்து உள்ளே நுழைகிறது. ஒருத்தர் வாசிப்பது மற்றவருக்குக் காதில் விழுந்தால் மட்டுமே நடக்கிற காரியம் இது. மெஸ் சைஸ் ஹால் என்பதும் சும்மா இல்லை.

இந்த ஓட்டத்தில் எங்கள் பேண்டின் குலதெய்வம் டீப் பர்ப்பிளையும் சொல்லிவிடணும். 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் ரெண்டு நாள், டோக்கியோவில் ஒரு நாள் வாசித்ததுதான் 'மேட் இன் ஜப்பான்'. ஜப்பான் கம்பெனி கேட்டதற்காகப் பதிவு செய்தது. வெளிநாட்டில் விற்கிற எண்ணமே அவர்களுக்கு முதலில் இல்லை. ஒட்டு வேலை எதுவும் கிடையாது என்று பேண்ட் அடித்துச் சொல்கிறது. பாடகர் இயன் கில்லனுக்கு அப்போதுதான் நெஞ்சுச் சளி வந்து போயிருந்தது. தன் குரல் அதில் நல்லாவே இல்லை என்று அவருக்கு வருத்தம். என் மாமா வைத்திருந்த கேசட்டில் 'சைல்ட் இன் டைம்' பாட்டை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு வயசு பன்னிரண்டு. அந்த மனுஷன் கத்துகிற இடம் வந்ததும் பாட்டி ஓடிவந்து, 'யாருக்குடா அடிபட்டுடுச்சு' என்றார். சளி பிடித்த குரலே அது என்றால்...

'அப்போ என் ஓட்டு டிராக் வேண்டாம் என்பதற்குத்தான்' என்று இங்கேயே முடித்திருப்பேன். முடியவில்லை. காரணம், அதே தி ஹூ.

பேக்கிங் டிராக் போடுவது ஒன்றும் இன்றைக்குக் கண்டுபிடித்ததில்லை. 1971-லேயே இவர்கள் சின்தசைஸர் பகுதியை டேப்பில் ஓடவிட்டு, மேலே வாசித்தார்கள். டிரம்மர் ஹெட்போன் மாட்டி அதோடு சேர்ந்து போவார். ஒண்ணு ரெண்டு பாட்டுக்கு அது செமையாக வேலை செய்தது. 1973-ல் 'குவாட்ரோஃபினியா' ஆல்பத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது ஆசை அதிகமாகி நிறைய டேப். விளைவு? நவம்பர் 5, நியூகாசில் நகரம். டேப் சரியான நேரத்துக்கு வரவில்லை. டவுன்ஷென்ட் கோபத்தில் பாட்டை நிறுத்தி, சவுண்ட் இன்ஜினீயர் மேல் பாய்ந்து, டேப்பையும் மெஷினையும் பிய்த்துப்போட்டார்! மூணு வருஷம் முன்னால் லீட்ஸ் மெஸ்ஸில் ஒருத்தரை ஒருத்தர் துரத்திப் பிடித்த அதே நாலு பேர்தான். டேப்பைத் துரத்த முடியவில்லை. ஏன்னா அது நிற்காது, திரும்பிப் பார்க்காது, நீங்கள் தடுக்கினால் உங்களுக்காக ஒரு அடி காத்திருக்காது.

இன்னும் ரெண்டு வாரம் கழித்து நவம்பர் 20. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் கௌ பேலஸ் அரங்கம். ஏதோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்த கீத் மூன், வாசித்துக்கொண்டிருக்கும்போதே டிரம்ஸ் மேல் சாய்ந்துவிட்டார். தூக்கிப்போய்த் தெளியவைத்துக் கொண்டுவந்தார்கள். மறுபடி விழுந்தார். டவுன்ஷென்ட் மைக்கில், யாருக்காவது டிரம்ஸ் வாசிக்கத் தெரியுமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பார்க்க வந்த 19 வயசுப் பையன் ஒருத்தன் மேடை ஏறி மூணு பாட்டுக்கு வாசித்தான்! எனக்கு இருபது. அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் கை தூக்கியிருப்பேனா என்று ரெண்டு நாள் யோசித்தேன். தூக்கியிருக்க மாட்டேன். நம்ம டிரம்மர் தூக்கியிருப்பான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்த விஷயம்.

இது நல்ல கச்சேரியா, கெட்ட கச்சேரியா? சுருதி, தாளம் பார்த்து மார்க் போட்டால் ஃபெயில். ஆனால் அங்கே இருந்தவன் எவனாவது மறந்திருப்பான்?

குயீன் பற்றிச் சுருக்கமாக. 'பொஹீமியன் ராப்சடி'யின் நடுவில் ஆபெரா மாதிரி ஒரு கும்பல் குரல் வருமே, அதை மேடையில் அவர்கள் பாடவே மாட்டார்கள். லைட்டை அணைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். டேப் ஓடும். முடிந்ததும் வந்து கிடாரைப் பிடிப்பார்கள். 'நாங்க பாடறோம்'னு வாயசைத்து ஏமாற்றவில்லை பாருங்கள், அந்த நேர்மை பிடித்திருந்தது. ஸ்டூடியோவில் ஃப்ரெட்டி மெர்க்குரி தொட்ட உச்ச ஸ்வரங்களையும் மேடையில் பல நாள் கீழே இறக்கித்தான் பாடுவார். ஆனாலும் 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளியில் 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் அவர்கள் எடுத்துக்கொண்ட இருபது சொச்சம் நிமிஷத்தைத்தான் இன்றும் எல்லாரும் உச்சம் என்கிறார்கள். அது தானாக வந்ததில்லை. தனியாக ஒரு தியேட்டரை எடுத்து அந்த இருபது நிமிஷத்துக்காகவே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

அதே நாள், அதே நிகழ்ச்சி, அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா மேடை. லெட் ஸெப்பலின் மறுபடி ஒன்று சேர்கிறார்கள்! டிரம்மர் ஜான் பானம் 1980-ல் இறந்துபோனதால் அவர் இடத்தில் ரெண்டு பேர். அதில் ஒருவரான ஃபில் காலின்ஸ், லண்டனில் பாடிவிட்டு கான்கார்டு விமானம் ஏறி நேராக வந்து உட்கார்ந்தவர். ஒத்திகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ராபர்ட் ப்ளான்ட் குரல் கட்டிப்போயிருந்தது. ஜிம்மி பேஜ் கிடாரில் சுருதி இல்லை. நான் கண்ணால் பார்த்துக் காதால் கேட்டேன்... எங்கள் கல்சுரல்ஸ் வீடியோவுக்கு அண்ணன் முறை! 2004-ல் லைவ் எய்ட் டி.வி.டி. வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்கவே அவர்கள் சம்மதிக்கவில்லை. இதைக் காட்டியதும் பாடகன் முகம் சுண்டிப்போய்விட்டது. அவனுக்காக 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ டூ அரங்கத்தில் அதே ஆட்கள் வாசித்ததையும் போட்டேன். டிரம்ஸில் இறந்துபோன பானமின் மகன் ஜேசன். ப்ளான்ட்டுக்கு 59 வயசு. வயசானதை ஒளிக்காமல் பல பாட்டுகளைச் சுருதி இறக்கி வைத்துக்கொண்டார்கள். நல்ல ஒத்திகை. ரெண்டு மணி நேரம் அடித்து நொறுக்கினார்கள். பாடகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஆட்கள் கிரேட்ஃபுல் டெட். இவர்கள் கச்சேரிகளை ரசிகர்கள் டேப் பண்ணிக்கொள்ள விட்டுவிட்டார்கள். 1984-லிருந்து அதற்கென்று தனி இடமே ஒதுக்கினார்கள். அந்தப் பக்கம் லெட் ஸெப்பலின் மேனேஜர் பீட்டர் கிராண்ட் நேர் எதிர். 1971-ல் வான்கூவரில் கச்சேரி சத்தத்தை அளக்க வந்த ஆட்களின் கருவியை, திருட்டு ரெக்கார்டிங் என்று நினைத்து உடைத்தேவிட்டார்கள்! டெட் பேண்டின் ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் பெரும்பாலானவை இன்று கேட்கக் கிடைக்கின்றன. மொக்கை நாட்களும் சேர்த்து. வுட்ஸ்டாக் 1969-ல் மழை ஈரத்தில் கிடாரைத் தொட்டால் ஷாக் அடித்தது. அன்றைக்கு மகா மட்டமாக வாசித்தோம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

இவர்கள்தான் 1974-ல் 'வால் ஆஃப் சவுண்ட்' கட்டினார்கள். சுமார் 600 ஸ்பீக்கர், 75 டன். மேடைக்கு முன்னால் இல்லை, பேண்டின் முதுகுக்குப் பின்னால் சுவர் மாதிரி! கூட்டத்துக்கு என்ன கேட்கிறதோ அதுவே வாசிப்பவர்களுக்கும் கேட்கும். தனி மானிட்டரே வேண்டாம். ஆனால் மைக்குக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருந்தால் 'குய்ய்ய்ங்' என்று கத்துமே? அதற்கு ஒவ்வொரு பாடகருக்கும் ரெண்டு மைக், ஒன்றின் சிக்னலை மற்றதற்குத் தலைகீழாக இணைத்தார்கள். பின்னாலிருந்து வரும் சத்தம் ரெண்டிலும் சமமாக விழுந்து கேன்சல். பாடுபவர் ஒன்றில் மட்டும் வாய் வைத்துப் பாடுவதால் குரல் மட்டும் மிச்சம். அடப்பாவிகளா, இது டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர்! மூணாவது செமஸ்டரில் நான் தூங்கிக்கொண்டே எழுதிய பாடம்! இதைப் பாட்டோடு சொல்லிக் கொடுத்திருந்தால் எனக்கு ஏன் அரியர்? குரல் கொஞ்சம் தகர டப்பா மாதிரி ஒலித்தது, செலவு வேறு கட்டுப்படியாகவில்லை. அந்த வருஷமே அக்டோபரோடு சுவரைப் பிரித்துவிட்டார்கள். எதுக்கு இத்தனை பாடு? ஒருத்தருக்கொருத்தர் கேட்கணும், அவ்வளவுதான். அவர்களின் மிகச் சிறந்த கச்சேரி என்று ரசிகர்கள் கொண்டாடுவது 1977 மே 8. இடம் கார்னெல் யுனிவர்சிட்டி, பார்ட்டன் ஹால். மறுபடியும் ஒரு காலேஜ்!

கடைசியாக, பஞ்சாயத்து கூடிய ராத்திரி அவர்களுக்கு ஒரே ஒரு வீடியோ போட்டேன். 1969 ஜனவரி 30, லண்டன். கேண்டில்ஸ்டிக் பார்க்குக்குப் பிறகு ரெண்டரை வருஷம் மேடையே ஏறாத பீட்டில்ஸ், தங்கள் ஆபீஸ் மொட்டை மாடியில் வாசிக்கிறார்கள். பீட்டர் ஜாக்சனின் 2021 படத்தில் அந்த 42 நிமிஷமும் முழுசாக இருக்கிறது. குளிர்காற்று. விரல் விறைத்துப்போய் கார்டு பிடிக்க முடியவில்லை என்கிறார் ஜான் லெனன். ஒரு பாட்டுக்கு வரி மறக்காமல் இருக்க, கீழே ஒரு ஆள் மண்டி போட்டு பேப்பரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு பாட்டில் வரி மறந்தே போய், லெனன் அர்த்தமில்லாமல் எதையோ உளறி ரொப்புகிறார். சாட்சாத் 'ன ன னா'! பாட்டு நிற்கவில்லை. போய்க்கொண்டே இருக்கிறது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் எல்லாரும் நிற்கிறார்கள். கூச்சல் இல்லை. அன்றைக்கு வாசித்ததில் மூணு பாட்டு அப்படியே 'லெட் இட் பீ' ஆல்பத்தில் ஏறியது.

பாடகன் அந்த உளறலை மட்டும் நாலு தடவை ரிவைண்ட் பண்ணிப் பார்த்தான். டிரம்மர், "சரிடா, இவனுங்க மொக்கை இல்ல. ஆனா எல்லா நாளும் கெத்தும் இல்ல. ஒத்துக்கோ" என்றான். பாடகன் ஒத்துக்கொண்டான்.

என் ஓட்டு இப்படி. லேப்டாப் வேண்டாம். டிரம்ஸை மேடையின் பின்சுவரிலிருந்து இழுத்து நடுவில் போடுவோம். எல்லாரும் கை எட்டுகிற தூரத்தில் நிற்போம். தினம் ரெண்டு மணி நேரம் ரிகர்சல், டீ அதற்குப் பிறகு. பாட்டை ஒரு சுருதி இறக்குவோம். நம்ம பாடகன் கில்லன் இல்லை, அவனுக்குச் சளியும் இல்லை. பாட்டு வரிகள் எழுதிய பேப்பரை என் கீபோர்டு ஸ்டாண்டில் ஒட்டிவிட்டேன், அவனுக்குத் தெரிகிற மாதிரி.

போன தடவை எங்களுக்கு மானிட்டரே கொடுக்கவில்லை என்பது வீடியோவை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த மேடையில் எங்கள் அஞ்சு பேருக்கும் கேட்டது விசில் மட்டும்தான். இந்தத் தடவை சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் நாங்களே போய், "அண்ணா, மானிட்டர் ரெண்டு எக்ஸ்ட்ரா வேணும்ணா" என்று சொல்லிவிட்டு வந்தோம். "தர்றேன் தம்பி, வாடகை தனி" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி. வாடகையை யார் கொடுப்பது என்பதற்கு நாளைக்கு இன்னொரு ஓட்டெடுப்பு.